பித்தளை ஆணியில் மாட்டிய கடல்

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், எங்கே இருந்தாலும் ஒருநாள் கடைக்கு வந்து நின்று, "இதை எழுதச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது?" என்று கேட்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. "எப்ப சொன்னது? அப்ப மழையோ, வெயிலோ?" என்று மற்ற இரண்டு கேள்விகளும் பின்னாலேயே வரும். அவரிடம் யார் எதைச் சொன்னாலும் இந்த மூன்று கேள்விகளையும் தாண்டித்தான் அது உள்ளே போக வேண்டும். பெரும்பாலான செய்திகள் மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொள்ளும்.

மழையா வெயிலா என்பது எதற்கு என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"மழை பெய்யேக்க ஆக்கள் வீட்டுக்குள்ள இருந்துகொண்டு வெளியில நடந்ததைச் சொல்லுவினம் தம்பி" என்றார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பெரிய சாலைக்குப் பின்னால் போகும் சந்தில் எனக்குப் படச்சட்டக் கடை. சாமி படம், பிள்ளைகள் பட்டம் வாங்கிய படம், செத்தவர்கள் படம், இந்த மூன்றும்தான் என் பிழைப்பு. கடைக்கு எதிர்ப்பக்க அடுக்குமாடியில் அந்த அக்கா தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே மலாய் நாட்டில்தான். அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷம் நில வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உயரம். ஆம்பிளைச் சட்டை, துணித்தொப்பி, கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. கைப்பையில் ஒரு எஃகு அளவுகோல், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பென்சில். பேனா வைத்துக்கொள்ள மாட்டார். "பேனைக்காரருக்குத் தங்களில நம்பிக்கை கூட" என்பார்.

அவர் மீன் வாங்கும் அழகைப் பார்க்கவே நான் பாசார் சந்தைக்குப் போயிருக்கிறேன். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், முகர்வார், பிறகு ஆரம்பிப்பார்.

"எங்கத்த மீன்?"

"கிள்ளான் மீன் ஆன்டி. ஃபிரெஷ் லா."

"கிள்ளானில எந்தப் பக்கம்?"

மீன்காரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். "ஆன்டி, நான் மீன்கிட்ட ஐசி கேட்டு வாங்கல."

அடையாள அட்டையைத்தான் நாங்கள் ஐசி என்போம். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.

என் கடைக்கு முதலில் வந்தபோது ஒரு துணியைக் கொண்டுவந்தார். ஒரு கை அகலம், ஒரு கஜ நீளம், வெள்ளைப் பருத்தி. வெள்ளை என்று சொன்னது மேல்பாதியை. கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பலும் பச்சையுமாகக் கறை. நடுவே ஒரு கோடு, அழுக்குத் தண்ணீர் வாளியில் விட்டுப்போகும் கோடு மாதிரி. மேலே ஒரு ஓட்டை, அதைச் சுற்றிப் பச்சை வளையம். சேற்று நாற்றம். கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கறையையும் சுற்றி வெள்ளை நூலால் பொடித்தையல். எண்ணெய்ப் பொட்டு ஒன்று, கடுகளவு சிப்பி ஒன்று, நீல வலை நூலின் பிசிறு ஒன்று, எதுவும் உதிர்ந்துவிடாதபடி ஒவ்வொன்றையும் தையல் பிடித்துவைத்திருந்தது. இரண்டடி தள்ளி நின்று பார்த்தபோது அது துணியாகத் தெரியவில்லை. ஏதோ ஒரு கடற்கரையை மேலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

"இதுக்குக் கண்ணாடி போடவேணும். ஆனா கழட்டிப் பார்க்கக்கூடியதா இருக்கவேணும்."

"ஏன்க்கா கழட்டணும்?"

"நீர் மாத்தி வைச்சிட்டீரோ எண்டு பார்க்கத்தான்."

எனக்குச் சுருக்கென்றது. "இந்த அழுக்குத் துணிய யாருக்கா மாத்துவா?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்" என்று சொல்லிவிட்டு, துணியின் நீளம் முழுக்க ஓடிய ஒரு சிவப்பு இழையைக் காட்டினார். தன் துணி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தில் ஒற்றை இழை, மேலிருந்து கீழ்வரை. மாற்றினால் அவருக்குத் தெரிந்துவிடுமாம்.

அவர் போனதும் என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். துணியைப் பார்த்தாள், ஓட்டையைப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது. "ஏங்க, வெள்ளத்துணி, ஆணி அடிச்ச ஓட்டை, கறை. இது செய்வினை மாதிரி இருக்குங்க. சாமி படத்துக்குப் பக்கத்துல வைக்காதீங்க."

சிரித்தேன். ஆனால் அவள் சொன்னபடி தள்ளித்தான் வைத்தேன். நான்காம் நாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடிக்கு உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்துவிட்டது. வெளியே துடைக்கிறேன், போகவில்லை. கடையில் வேறு எந்தப் படமும் வியர்க்கவில்லை. மனைவி திருநீற்றுக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

பயந்துகொண்டேதான் அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, துணியின் ஓரத்தை நாக்கு நுனியால் தொட்டார். "உப்பு. கடல் உப்பு ஈரத்தை இழுக்கும். மழை வரப்போகுது எண்டு உம்மட ரேடியோவை விட இது முதல்ல சொல்லும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஆர் உமக்குச் செய்வினை எண்டு சொன்னது?" என்றார். நான் அந்த வார்த்தையை எடுக்கவே இல்லை. கிண்ணத்தைப் பார்த்திருப்பார் போல.

கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு, பின்பலகையில் காற்றுக்கு ஓட்டை போட்டுச் சரிசெய்தேன். ஆனால் சந்தேகம் என்பது ஒட்டுவாரொட்டி. அவர் எல்லாரையும் சந்தேகப்பட, நாங்கள் அவரைச் சந்தேகப்பட ஆரம்பித்தோம். இந்தத் துணியை எங்கிருந்து கொண்டுவருகிறார் என்று கேட்டால் "கடலில இருந்து" என்பார், அவ்வளவுதான். மனைவி சொன்னாள்: "டீத்தண்ணியில முக்கி எடுத்தாலும் இப்படித்தான் இருக்கும். ஒருதரம் பின்னாலயே போய் பாத்துட்டு வாங்களேன்."

போனேன். வருஷத்தில் கடல் மிக உயரமாக ஏறும் நாட்கள் சில உண்டு. அதற்கு முதல் நாள்தான் அவர் பையோடு கிளம்புவார். அவர் ஏறிய அதே கொமுட்டர் ரயிலில் இரண்டு பெட்டி தள்ளி ஏறினேன். கிள்ளானும் தாண்டி, துறைமுகத்தில் கடைசி நிறுத்தம். அங்கிருந்து சீன மீனவர்களின் கம்பத்துக்கு, இங்கே கிராமத்தை அப்படித்தான் சொல்வோம், அரை மணி நேரம் வெயிலில் நடந்தார். நானும் லோரிகளுக்குப் பின்னால் மறைந்து மறைந்து நடந்தேன். ஜெட்டி என்கிற பலகைப் படகுத்துறை ஒன்றின் முனைக்குப் போனவர், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"ரெண்டு பெட்டி தள்ளி ஏறினதை அங்கயே கண்டனான். வந்தது வந்தீர், குடையைப் பிடியும்."

குடையை வாங்கிக்கொண்டேன். "சும்மா... பாக்கலாம்னு..."

"சந்தேகப்பட்டு வந்தது நல்லது. நானும் அப்பிடித்தான் வந்திருப்பன்."

அந்த ஜெட்டியும் அதன்மேல் நின்ற வீடும் ஒரு மீனவருடையவை. எழுபதைத் தாண்டியவர், கையில்லாத பனியன். அவர் இவரைச் 'சிக்கு' என்று அழைத்தார். மலாயில் ஆசிரியர் என்று பொருள். இவர் பாடம் நடத்தியதே இல்லை. "கேக்குறதெல்லாம் பரீட்சைக் கேள்வியா இருந்தா வேற எப்படிக் கூப்பிடுறது" என்றார் அந்த அங்கிள். இருவரும் மலாயில்தான் பேசிக்கொண்டார்கள்.

அங்கிள் ஏணியைப் பிடிக்க, நான் குடையைப் பிடிக்க, அறுபத்தைந்து வயது மனுஷி வற்றிப்போன கடலுக்குள் நான்கு படி இறங்கினார். ஜெட்டியின் கால் ஒன்றில் ஒரு பித்தளை ஆணி. பித்தளை என்றால் துருப்பிடிக்காது, வருஷக்கணக்கில் அதே இடத்தில் இருக்கும். புதுத் துணியை அந்த ஆணியில் மாட்டினார், கீழ்நுனியைக் கயிற்றால் காலோடு இறுக்கிக் கட்டினார். மூன்று நாள் கழித்து வந்து கழற்றுவார். அந்த வருஷத்துக்கு அது ஒன்றுதான். அதற்கப்புறம் பத்து மாதம் தையல். அப்படி அதுவரைக்கும் பதினோரு வருஷம், பதினோரு துணி. இது பன்னிரண்டாவது.

"நான் ஒண்டும் கீறுறது இல்லை. கடல்தான் கீறுது. நான் துணி பிடிக்கிறன்" என்றார்.

ஆணியின் இரு பக்கமும் மரத்தில் கீறல் வைத்திருந்தார், யாராவது ஆணியை நகர்த்தினால் தெரிய வேண்டுமே. யாராவது என்றால் அங்கிள்தான், வேறு யார் அங்கே. அங்கிளுக்கும் அது தெரியும். "இந்த ஜெட்டியில என்னைவிட அந்த ஆணிக்குத்தான் காவல் அதிகம்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

கோடு ஆணியை நெருங்கி வருகிறது என்று அவர் சொன்னதிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. "அக்கா, கோடு வருஷா வருஷம் ஆணிய நெருங்குதுன்னு சொல்றீங்க. கடல் ஏறுதா, இல்ல ஜெட்டிக் கால் சேத்துல இறங்குதா?"

முதல் தடவையாக என்னை மரியாதையாகப் பார்த்தார். பையிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினார். பென்சிலில் எழுதியிருந்தது: 'கால் தாழ்ந்திருக்கவும் கூடும்.'

"எல்லாத் துணியிலயும் எழுதியிருக்கிறன். கரையில ஒரு கல்லுப்பாலம் இருக்கு, அதோட ஒப்பிட்டு வருசா வருசம் அளக்கிறன். கொஞ்சம் இது, கொஞ்சம் அது எண்டு நினைக்கிறன். நினைக்கிறதை எழுதேலாது."

தன் வேலையையே சந்தேகப்படுகிற ஆளை என்ன செய்வது? அன்றைக்கு ரயிலில் திரும்பி வரும்போது எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. மனைவியிடம் போய், "டீத்தண்ணி இல்லடி, நெசமான கடல்" என்றேன். "யாரு சொன்னா?" என்றாள் அவள். வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது அந்த நோய்.

அடுத்த வருஷம் கிள்ளானில் ஒரு பழைய கிடங்கைப் புதுப்பித்துக் கண்காட்சிக் கூடமாக்கினார்கள். அதை நடத்திய பெண் எப்படியோ கேள்விப்பட்டு வந்து, நீளச் சுவர் ஒன்றை முழுக்க இவருக்குத் தந்தாள். பன்னிரண்டு துணிகளும் வரிசையாக. பன்னிரண்டு வருஷத்தில் அதுவரை நான்கைந்து பேர் பார்த்ததை ஊரே பார்க்கப்போகிறது. அவர் இரண்டு நாள் யோசித்தார். "இவையளுக்கு ஏன் என்னில அக்கறை?" என்று என்னிடம் கேட்டார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

துணிகளை என்னிடம் கொடுத்தபோது கூடவே ஒரு தாள். பதினேழு விஷயங்கள், பென்சிலில். துவைக்கக் கூடாது. வெயிலில் போடக் கூடாது. இஸ்திரி கூடாது. பசை கூடாது. வாசனை எதுவும் தெளிக்கக் கூடாது. வேறு யாருக்கும் காட்டக் கூடாது, மனைவிக்கும். பதினேழையும் ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தேன். அதில்தான் எனக்குப் பெருமை.

என் தொழில் பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே வீட்டில் தாத்தா, பாட்டி, அப்பா என்று மூன்று படம் வந்தால், மூவர் கண்ணும் ஒரே மட்டத்தில் வரும்படி வெட்டித்தான் சட்டம் போடுவேன். ஒருவர் கண் அரை அங்குலம் கீழே போனாலும் வீட்டில் பிரச்சினை வரும். எங்கப்பாவ ஏன்யா தாழ்த்தி வெச்சேன்னு சண்டைக்கு வந்திருக்கிறார்கள். செத்தவர்களை மட்டம் பார்த்து மட்டம் பார்த்தே என் கை பழகிவிட்டது. படத்தில் எது கண்ணை இழுக்கிறதோ, அதைக் கை தானாகவே நேராக்கிவிடும்.

பன்னிரண்டு துணியிலும் கண்ணை இழுத்தது அந்தக் கோடு. ஒன்றில் கீழே, ஒன்றில் மேலே, இன்னொன்றில் மறுபடி கொஞ்சம் கீழே. இப்படியே மாட்டினால் கடைக்கு அவமானம். எல்லாக் கோடும் ஒரே மட்டத்தில் வருமாறு ஒவ்வொரு துணியையும் மேலே வெட்டி, கீழே மடித்துவிட்டேன். மேல் ஓரத்தில் இருந்த பச்சை ஓட்டையும் போனது, கண்ணுக்கு அதுவும் அசிங்கமாகத்தானே இருந்தது. ஜெட்டியில் ஆணியைப் பற்றி நானே கேட்டதையெல்லாம் கை மறந்துவிட்டிருந்தது. தாளில் வெட்டாதே என்று எங்கேயும் இல்லை. அப்படி ஒருவன் செய்வான் என்று அவருக்கே தோன்றவில்லை.

பன்னிரண்டு சட்டங்களையும் கடைச் சுவரில் வரிசையாக மாட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு, சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. அவர் வந்தார். பாராட்டுக்காகக் காத்து நின்றேன்.

அளவுகோலை வெளியே எடுத்தார். அளக்கவில்லை.

"ஆணி எங்க?"

"எந்த ஆணிக்கா?"

"ஆணி ஓட்டை."

"அதுவாக்கா. பச்சையா அசிங்கமா இருந்துச்சு. வெட்டிட்டேன்."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக, "எவ்வளவு தந்தவை?" என்றார்.

"யாருக்கா?"

"ஜெட்டிப் பக்கம் கடலை மண் போட்டு நிரப்புறவையோ? இல்ல வேற ஆரோ? ஆர் உமக்கு இதைச் செய்யச் சொன்னது?"

இதைக் கேட்டு மனைவி உள்ளேயிருந்து வந்துவிட்டாள். "அக்கா, இவருக்குக் காசு குடுத்து ஒரு வேலைய செய்யச் சொன்னா, அத மட்டும்தான் செய்யமாட்டாரு. அவ்வளவு சாமர்த்தியம் எல்லாம் கெடையாதுக்கா."

அந்தச் சாட்சியத்தை அவர் நம்பினார் என்று நினைக்கிறேன். பூதக்கண்ணாடியைத் துடைத்தபடி, பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார். ஆணி மாறாது. ஆணியிலிருந்து கோடு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதுதான் அந்த வருஷத்துக் கடல். ஓட்டை இல்லையென்றால் கோடு எங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியும்? பன்னிரண்டும் வெறும் அழுக்குத் துணி. போன வருஷத்துக் கடலை இந்த வருஷம் பிடிக்க முடியாது.

நான் கடலை மட்டம் பார்த்து நேராக்கிவிட்டிருந்தேன்.

"வெட்டின துண்டெல்லாம் எங்க?"

மூலையில் தொங்கிய துடைக்கும் பையைக் காட்டினேன். நல்ல பருத்தி, கறை படாத மேல்பக்கம். அதைக் கண்ணாடி துடைக்க வைத்துக்கொண்டேன்.

கடையைச் சாத்திவிட்டுத் தேடினோம். துடைக்கும் பையில் ஆறு கிடைத்தது. ஒன்று சட்டங்கள் ஏற்றும் என் வான் வண்டியின் பக்கக் கண்ணாடியை ஆடாமல் கட்டியிருந்தது. ஒன்றில் மனைவி கறிவேப்பிலைக் கன்றைக் குச்சியோடு கட்டிவைத்திருந்தாள். ஒன்று அடுப்படியில், சூடான சட்டி இறக்க. ஒன்பது. மிச்சம் மூன்றும் குப்பை லோரியில் போய்ச் சேர்ந்துவிட்டன.

எது எந்த வருஷம்? அந்த இழைதான் காப்பாற்றியது. மேலிருந்து கீழ்வரை ஓடியதால், வெட்டிய துண்டிலும் அது இருந்தது. சிவப்பு சிவப்போடு, ஊதா ஊதாவோடு சேர்ந்தது. நான் துணியை மாற்றிவிடுவேன் என்று என்னைச் சந்தேகப்பட்டுத் தைத்தது, என் முட்டாள்தனத்துக்கு மருந்தாயிற்று. ஒன்பது துண்டையும் கறுப்பு நூலால் மறுபடி ஒட்டித் தைத்தார். வெள்ளை நூல் போட்டால் தெரியாதே என்றேன். "மறைச்சுத் தைச்சா ஆர் நம்புவினம்?" என்றார்.

ஆறாவது, எட்டாவது, பதினோராவது. இந்த மூன்றுக்கும்தான் ஓட்டைத் துண்டு இல்லை. மூன்றுக்கும் அவருடைய குறிப்புப் புத்தகத்தில் அளவு இருக்குமே என்று கேட்டேன். இருந்தது. ஆனால் புத்தகத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், துணியில் இருந்தால்தான் உண்டு என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். தன் கையெழுத்தையே நம்பாதவர்.

எனக்குத் தூக்கம் போயிற்று. இந்த இடத்தை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அதே ரகப் பருத்தி வாங்கினேன். ஈரத் துணியை ஒரு பித்தளைத் திருகாணியில் மூன்று நாள் மாட்டிவைத்தேன், அசல் பச்சை வளையம் வந்துவிட்டது. எட்டாவது துணியின் இழை மஞ்சள், அதே மஞ்சளைத் தேடிக் கோத்தேன். அவர் நக்கிப் பார்ப்பார் என்று தெரியும், அதனால் உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்து, "அக்கா, வான் பின்சீட்டுக்கு அடியில ஒண்ணு கெடச்சுதுக்கா" என்றேன்.

பூதக்கண்ணாடியில் பார்த்தார். இழையை எண்ணினார். நாக்கு நுனியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"கடல் உப்பு கடைசியில கசக்கும் தம்பி. இது கசக்கேல்லை. இது உம்மட மனிசி ரசத்துக்குப் போடுற உப்பு."

தலையைக் குனிந்துகொண்டேன். கத்துவார் என்று நினைத்தேன். துணியை மடித்து என் கையிலேயே கொடுத்தார். "நல்ல வேலைப்பாடு. இனிமேல் செய்யாதேயும்" என்றார். போகும்போது வாசலில் நின்று, "எத்தினை செய்தனீர்?" என்றார். ஒன்றுதான் என்றேன். நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒன்பதையும் அன்றைக்குச் சாயந்திரமே மறுபடி ஒருதரம் நக்கிப் பார்த்திருப்பார், அது மட்டும் நிச்சயம்.

மாட்டும் நாளில் என்னைத்தான் கூப்பிட்டார். இந்தத் தடவை ஆணி ஓட்டைகள் ஒரே மட்டத்தில், கோடுகள் எங்கே வருகிறதோ அங்கே. முதல் துணிகளில் சாம்பல் பச்சை, அலையாத்தி இலையின் அச்சுக்கூட ஒன்றில் இருந்தது. போகப் போகச் செம்மண் நிறம், எண்ணெய்ப் பொட்டுகள், வலைப் பிசிறுகள். கோடு ஏறி, இறங்கி, மறுபடி கூடுதலாக ஏறி ஆணியை நோக்கிப் போனது. எனக்கே அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

ஓட்டை இல்லாத துணியை அவர் மாட்ட விடவில்லை. ஆறாவது இடத்தில் ஒன்றும் இல்லை. வெறும் சுவர். எட்டாவதிலும் பதினொன்றிலும் அப்படியே. கூடத்தை நடத்தும் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். "ஒன்பதையும் சமமா நெருக்கி மாட்டிட்டா பார்க்க நல்லா இருக்குமே ஆன்டி?"

என் கையும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நகர்த்திவிடத் துறுதுறுத்தது.

"அந்த மூண்டு வருசமும் கடல் லீவில போனதோ பிள்ளை?" என்றார்.

இடைவெளிகளுக்குக் கீழே சின்ன எழுத்தில் அட்டை வைத்தார்: 'சட்டம் போட்டவர் வெட்டிவிட்டார்.' திறப்பு நாளில் வந்தவர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். நான் சட்டம் போட்டவன் மாதிரி காட்டிக்கொள்ளாமல் தேநீர் மேசைப் பக்கம் நின்றேன். ஒருவர் மட்டும், பெரிய மனிதர், சத்தமாகவே சொன்னார்: "வேணாத மூணையும் தூக்கிட்டு வெட்டிட்டாங்கன்னு சொல்லிட்டாப் போச்சு." அக்கா காதிலும் விழுந்தது. "நானெண்டாலும் அப்பிடித்தான் நினைப்பன்" என்று முணுமுணுத்தார். முகம் மட்டும் சுருங்கிப்போனது. பன்னிரண்டு வருஷம் ஏணியில் இறங்கியவரை என் கத்தி பொய்க்காரி ஆக்கிவிட்டது.

பின்மதியம் ஜெட்டி அங்கிள் வந்தார். பாத்திக் சட்டை, கையில் ஒரு பை கருவாடு. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஆறாவது இடத்தில் நின்றார். ஏன் இங்கே ஒன்றும் இல்லை என்று கேட்டார். அது எந்த வருஷம் என்று இவர் சொன்னார், மலாயில்.

அங்கிள் வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த வருஷம் தண்ணி என் அடுப்படிக்கு வந்துச்சு சிக்கு. பலகை இடுக்கு வழியா. வெளியில நல்ல வெயில். என் பொண்டாட்டி படுக்கையில இருந்தா, அவளுக்குக் கஞ்சி வெச்சிட்டிருந்தேன். அடுப்புக்குக் கீழ ஒரு செங்கல் வெச்சேன். அதுவும் மூழ்கிடுச்சு. ரெண்டாவது வெச்சேன். கஞ்சி வேகுற வரைக்கும் தண்ணியில நின்னேன். ஏன் கால ஆட்டிக்கிட்டே நிக்கிறீங்கன்னு படுத்தபடியே கேட்டா. காலு நனையுதுன்னு சொல்லல. அடுத்த மாசம் போய்ட்டா."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ரெண்டாவது செங்கல்லில எவ்வளவு?" என்றார்.

அங்கிள் இரண்டு விரலை வைத்துக் காட்டினார். "பாதி."

பையிலிருந்து பென்சிலை எடுத்தார். ஆறாவது இடத்தின் வெறும் சுவரில், சின்ன எழுத்தில், நேராக எழுதினார்: 'அடுப்பின் கீழ் இரண்டாவது செங்கல்லில் பாதி. சொல்லக் கேட்டது.' புதுச் சுவரில் எழுதுகிறாரே என்று கூடத்துப் பெண் ஓடிவந்தாள். அங்கிளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஆனாலும் எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தேநீர் குடிக்கப் போனார்.

இவர் என் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"அந்த அடுப்படியும் ஜெட்டியும் ஒரே காலிலதான் நிக்குது. செங்கல் இன்னும் அங்கதான் இருக்குதாம். செங்கல்லில இருந்து ஆணிவரைக்கும் அளந்தா அந்த வருசத்துக் கோடு வந்திடும். நாளைக்கு வெள்ளன உம்மட வானை எடும். ரெண்டு பேருமாப் போய் அளந்து பாப்பம்."

"பொண்டாட்டி செத்த வருஷத்த ஒருத்தர் தப்பா சொல்வாராக்கா?"

தேநீர்க் குவளையோடு நின்ற அங்கிளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்ல மாட்டார். நல்ல மனுசன்" என்றார். "எண்டாலும்."